அரங்கும் அறையும்: பாடற்கலை பற்றிய ஒரு நோக்கு

பாடற்கலை குறித்து நம்மிடையே எழும் திறனாய்வுகள் பெரும்பாலும் பாடுவோரைப் பற்றியனவாகவே அமைந்துவிடுகின்றன. குரல்வளம், சுருதிச் சுத்தம், தாளக்கட்டு, கற்பனைத்திறன் என்பன தனித்தனியே எடைபோடப்படுகின்றன. பாடல் எவ்விடத்திற் பாடப்படுகின்றது, எத்தனைபேர் முன்னிலையிற் பாடப்படுகின்றது, குரலுக்கும் செவிக்கும் இடைப்பட்ட தூரம் எவ்வளவு என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. ஆயினும், ஒரு குரல் எவ்வாறு வளரும் என்பதை அது ஒலிக்கும் இடமே பெரிதும் தீர்மானிக்கின்றது. கொழும்புத் தமிழரின் இசைவாழ்விற் கோயிலும் உண்டு, பெருமண்டபமும் உண்டு, இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாகிய சிறுகூடம் இல்லை. இவ்வின்மையே நம் பாடற்கலையின் தேக்கத்துக்குரிய முதன்மைக் காரணங்களுள் ஒன்று என்பது இக்கட்டுரையின் துணிபாகும்.

சிறு கூடமொன்றிற் சிலர் கூடி இசைக்க, சிலர் அருகிருந்து கேட்கும் இசையை மேலைநாட்டார் அறையிசை எனத் தனியே வகுத்துப் போற்றுவர். முப்பத்தோராண்டே வாழ்ந்த ஷூபேர்ட் (1797–1828) அறுநூறுக்கு மேற்பட்ட தனிப்பாடல்களை இயற்றினார். அவற்றுட் பல முதன்முதலில் ஒலித்தது வியன்னா நகரத்து நண்பர்களின் வீட்டுக் கூடங்களிலேயாம். இலண்டனில் 1901இல் திறக்கப்பட்ட விக்மோர் மண்டபம் ஏறத்தாழ ஐந்நூற்றைம்பது இருக்கைகளே கொண்டது. ஒரு குரலும் ஒரு பியானோவும் மாத்திரம் நிகழ்த்தும் பாடல் அரங்குகளால் அது புகழ்பெற்றது. பாடற்கலையையே பொருளாகக் கொண்ட இசைப்பருவங்கள் அங்கு பேணப்படுவதைக் கேள்வியுறும் நாம், அஃது அயலார் மரபென எண்ணி அமைந்துவிடுகிறோம். இவ்வெண்ணம் பிழையானது.

சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை மாதவி ஆடிய அரங்கின் அளவைத் துல்லியமாகத் தருகின்றது. எட்டுக்கோல் நீளம், ஏழுகோல் அகலம், ஒருகோல் உயரம் என்பது அவ்வளவு. கோலென்பது இருபத்துநான்கு விரலளவு. ஒரு விரலை ஓர் அங்குலமெனத் தாராளமாகக் கொள்ளினும், அவ்வரங்கு பதினாறடி நீளமும் பதினான்கடி அகலமுமே உடையது. நம் வீடுகளின் முன்கூடம் ஒன்றினும் அது மிகப் பெரிதன்று. அவ்வரங்கைச் சார்ந்து நின்ற இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோரின் தகைமைகளைக் காதை விரித்துரைக்கின்றது. இவர்கள் ஒருவரையொருவர் செவியால் அறிந்து இயைந்த சிறுகுழுவினர்.

அக்காப்பியத்தில் பாடற்கலையின் உச்சம் அரங்கேற்றத்தில் நிகழவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அது கானல்வரியில் நிகழ்கின்றது. புகார்க் கடற்கரையிற் புன்னை நிழலில், திரை சூழ்ந்த சிற்றிடத்தில் ஒரு யாழும் இருவரும். கோவலன் பாட மாதவி கேட்கிறாள். மாதவி பாடக் கோவலன் கேட்கிறான். இதனினும் சிறிய இசையரங்கைக் கற்பனை செய்தல் அரிது. ஆயின், கேட்டவன் பாடலின் குறிப்பைப் பிறழ உணர்ந்தான். அப்பிறழ்ச்சியே பிரிவுக்கு வித்தாயிற்று. சிறிய இடத்திற் கேட்பவனுக்கும் பொறுப்பு உண்டு என்பதை இளங்கோ அறிந்திருந்தார். பெருங்கூட்டத்தில் ஒருவன் கவனம் பிசகினால் எவர்க்கும் தீங்கில்லை. மூன்றடி தூரத்தில் அமர்ந்திருப்பவன் பிசகினாற் பாடல் முறிகின்றது.

புகாரினின்று மற்றொரு துறைமுகப் பகுதிக்கு வருவோம். சென்னைத் துறைமுகத்தை அடுத்த ஜோர்ஜ் ரவுணில் வாழ்ந்தவர் வீணை தனம்மாள் (1867–1938). வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் இல்லத்தில் நிகழ்ந்த இசை, அக்காலத்து வித்துவான்கள் தேடிச்சென்று கேட்ட இசை. வீணையின் மெல்லொலியுடன் குரலும் இயையும். சிற்றரவமும் அங்கு பொறுக்கப்படுவதில்லை என்பர். பதங்களும் ஜாவளிகளும் அவ்வறையின் அளவுக்கென்றே இழைக்கப்பட்டவைபோல் ஒலித்தன. அவ்வீட்டில் வளர்ந்த பேர்த்தியர் பிருந்தா, முக்தா, பாலசரசுவதி ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் இசைக்கும் நடனத்துக்கும் அளித்த கொடை யாவரும் அறிந்தது. பெருமண்டபம் எதுவும் இத்தகையதொரு பரம்பரையை உருவாக்கியதில்லை. மண்டபம் கலைஞரைக் காட்டும். அறையே கலைஞரை ஆக்கும்.

மூன்றாவது துறைமுகப் பகுதி நமக்கு அண்மையது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பொன்னம்பல முதலியாரால் அமைக்கப்பட்டது. அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன், 1907 தொடக்கம் 1912 வரையான ஆண்டுகளில் அதனைக் கருங்கற் கோயிலாகப் புதுக்குவித்தார். இராமநாதனின் நெருங்கிய உறவினரும் கொழும்பிற் பிறந்தவருமாகிய ஆனந்த குமாரசுவாமி, 1918இல் வெளியான 'சிவநடனம்' என்னும் நூலில் இந்திய இசை பற்றி எழுதியுள்ளார். நம் இசை ஒன்றில் உயர்குடியினரின் அறையிசை அல்லது இறைவனுக்குப் பணியாகும் கோயிலிசை என்றும், பொதுமக்களுக்கான கச்சேரி அதன் இயல்பான வடிவமன்று என்றும் அவர் கருதினார். இவ்விரு வகையினையும் ஒருங்கே சோதித்துப் பார்ப்பதற்குக் கொச்சிக்கடைக் கோயிலினும் பொருத்தமான இடமில்லை.

மார்கழித் திருவாதிரைக்கு முன்னான பத்து வைகறைகளிலும் சிவாலயங்களில் திருவெம்பாவை ஓதப்படுகின்றது. ஓரிசைப் பருவத்துக்குரிய இலக்கணங்கள் யாவும் இப்பத்து நாட்களுக்கும் உண்டு. குறித்த காலமும், குறித்த பாடல்களும், மீளவும் வந்து கேட்போரும் உளர். இருபது பாடல்கள் பத்து நாட்களும் திரும்பத் திரும்ப ஓதப்படுவதை இசைத் திறனாய்வாளன் குறையெனக் கருதலாகாது. பாடலை அறிந்தவர்களே கேட்போராக இருக்கும்போது, அவர்தம் செவி சொல்லைத் தேடி அலைவதில்லை; சொல் எவ்வாறு சொல்லப்படுகின்றது என்பதிலேயே நிலைக்கின்றது. முதல்நாள் விரைந்து கடந்த சொல்லிற் பத்தாம்நாள் ஓதுபவர் நின்று செல்வதை அவர்கள் உணர்வர். புதிய உருப்படிகளைத் தேடியலையும் கச்சேரி இரசனைக்கு இந்நுட்பம் எளிதில் வாய்ப்பதன்று.

கருங்கல் ஒலியை உண்பதில்லை, திருப்பித் தருவது. விரைவான சுரக்கோவைகள் கன்மண்டபத்தில் ஒன்றன்மேலொன்று படிந்து மங்கிவிடும். நீண்ட கார்வைகளோ தூண்களினின்று மீண்டுவந்து பாடுபவரின் குரலுக்கே சுருதிப்பெட்டி போலாகும். விருத்தமாகவும் பண்ணாகவும் தாளக்கட்டின்றி விரியும் ஓதுமுறை இவ்விடத்துக்கு இயல்பாகப் பொருந்துவதன் காரணம் இதுவே. இந்தளம் மாயாமாளவகௌளையாகவும், கௌசிகம் பைரவியாகவும், மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியாகவும் இன்று பாடப்படுகின்றன. எனினும், ஓதுவார் அவற்றைக் கச்சேரி இராகங்களாக விரிப்பதில்லை. சொல்லின் பொருள் முடியுமிடத்தில் இராகமும் முடிகின்றது. மூச்சு, பொருள், கல்லின் மறுமொழி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று அளந்துகொள்ளும் கலை அது. இக்காரணத்தினாலேயே, அத்தகைய மண்டபத்தினுள் ஒலிபெருக்கியை இயக்குவது பக்தியுமாகாது, இசையுமாகாது. கல்லோடு பேசவேண்டிய குரல் அங்கு கருவியோடு பேசத் தலைப்படுகின்றது.

ஆயினும், குமாரசுவாமியின் கருத்தை முழுமையாக ஏற்றுக்கொள்வதற்கில்லை. உயர்குடியினரின் அறைக்குள் நுழைய எவர்க்கு உரிமையிருந்தது? இத்தீவின் கோயில்கள் பலவற்றின் கதவுகள் எவர்க்கு அடைக்கப்பட்டிருந்தன? அவ்வறையின் அமைதி ஓரளவுக்கு அக்கதவு அளித்த அமைதியாகும். பொதுக்கச்சேரியும், வானொலியும், ஒலிவாங்கியும் அக்கதவைத் திறந்தன. நுழைவுச்சீட்டு வாங்க வல்லவர் எவரும் மண்டபத்தில் அமரலாமென்ற நிலை உருவாயிற்று. சீட்டு வாங்க இயலாதவர் தேநீர்க்கடை வானொலியிற் கேட்டார். ஒலிவாங்கி கலைக்கும் நன்மை செய்தது. உச்சக் குரலால் அரங்கை ஆண்ட கிட்டப்பாவின் (1906–1933) காலத்திற் பாடகர்க்கு மேற்சுருதி இன்றியமையாத் தேவையாயிருந்தது. எம். டி. இராமநாதனின் (1923–1984) ஆழ்ந்த கீழ்ச்சுருதி பெரிய அரங்கொன்றின் கடைசி வரிசையை எட்டுதற்கு ஒலிவாங்கியே துணைநின்றது. ஆதலின், பழைய அறைக்குத் திரும்புவோம் என முழங்குவது வரலாற்றை மறுப்பதாகும். அறையின் அளவை மீட்டெடுக்க வேண்டும். அதன் வாயிற்காவலனை மீட்டெடுக்கலாகாது.

இன்றைய கொழும்பின் நிலையை இந்நோக்கிற் காண்போம். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் இசை வகுப்புகளுக்குக் குறைவில்லை. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்கு மாணவர் தோற்றுகின்றனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆற்றுகை மற்றும் காண்பியக் கலைகள் பீடம் பட்டதாரிகளை உருவாக்குகின்றது. இவ்வுழைப்பின் சிகரமாகக் கருதப்படுவது அரங்கேற்றம். பல்லாண்டுச் சேமிப்பு ஒரு மாலையிற் செலவாகின்றது. பெருமண்டபம், தமிழகத்திலிருந்து வரவழைக்கப்பட்ட பக்கவாத்தியக் கலைஞர், வழவழப்பான நினைவுமலர், பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை ஆகிய யாவும் உண்டு. அம்மாலையிற் பாடிய மாணவி மூன்றுமணிநேரம் பிழையின்றிப் பாடிவிடுகிறாள். மறுநாள் முதல் அவள் எங்கே பாடுகிறாள்?

இவ்வினாவுக்கு விடையில்லை என்பதே நம் அவலம். அரங்கேற்றம் என்னும் சொல்லின் பொருள் அரங்கிற் புகுதலேயன்றி அரங்கைவிட்டு அகலுதலன்று. மாதவிக்கு அரங்கேற்றம் தொடக்கமாயிருந்தது. நம் மாணவிக்கோ அது நிறைவாகின்றது. முதற் கச்சேரிக்கு ஆயிரம்பேரை அழைக்கும் நாம், இரண்டாம் கச்சேரிக்கு அறுபதுபேரை அழைக்க அறியோம். குரல் முதிர்வதோ இரண்டாம், பத்தாம், ஐம்பதாம் தடவைகளிலேயாம். தவறுவதற்கும் திருத்துவதற்கும் இடமளிக்கும் சிறுகூடம் இன்மையால் மனப்பாடம் வளர்கின்றது, கற்பனை வளர்வதில்லை. 1983இன் பின் இந்நகரின் ஆசிரியரும் இரசிகரும் பலர் புலம்பெயர்ந்தனர். வீட்டு முன்கூடத்தில் மாலைநேரம் கூடிப் பாடிய சிறுவட்டங்கள் பல அவர்களோடு கலைந்தன. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் அவர்தம் பிள்ளைகளுக்கு இன்று நிகழ்வதும் அரங்கேற்றமேயன்றி அவ்வட்டத்தின் மறுபிறப்பன்று.

இந்நிலையிற் செய்யத்தக்கது யாது? பாடற்கலையை மாத்திரம் பொருளாகக் கொண்ட சிறிய இசைப்பருவமொன்றை நம்மாற் தொடங்க இயலும். 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகளின் சிறு கூடங்களும், பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களும் இதற்குப் போதும். மார்கழியில் ஐந்து மாலைகள் போதும். ஒலிவாங்கி வேண்டாம், குரல், தம்புரா, ஒரு வயலின், மென்மையான மிருதங்கம் ஆகியன அமையும். ஒரு மாலை பண்ணிசைக்கு, ஒரு மாலை பதத்துக்கு, ஒரு மாலை விருத்தத்துக்கு என வகுக்கலாம். ஒரு மாலை நம் நாட்டார் பாடலுக்கும், மலையகத்தின் காமன்கூத்துப் பாடலுக்கும், மன்னார்க் கத்தோலிக்கரின் திருப்பாடுகளின் பாடலுக்கும் உரியதாகுக. அந்தோனியார் ஆலயமும் பொன்னம்பலவாணேசர் கோயிலும் அயலயலே நிற்கும் கொச்சிக்கடையில் வாழும் ஒருவர்க்கு இவ்வியைபு புதுமையாகத் தோன்றாது. எஞ்சிய மாலை, சென்ற ஆண்டு அரங்கேற்றம் கண்டவர்களின் இரண்டாம் கச்சேரிக்கு உரியதாகுக. நுழைவுக் கட்டணமும் முன்வரிசை ஒதுக்கீடும் இருத்தலாகாது. பொன்னாடையும் வேண்டியதில்லை.

இதற்கு எழக்கூடிய தடை ஒன்றுண்டு. சிறு கூடத்தால் வருவாயில்லை. கலைஞர் எவ்வாறு பிழைப்பர் என்பர். நேர்மையான கேள்வி இது. ஆயின், ஓர் அரங்கேற்றத்தின் நினைவுமலருக்கும் அலங்காரத்துக்கும் ஆகும் செலவைக்கொண்டு இத்தகைய பருவமொன்றின் கலைஞர்களுக்கு மதிப்பான ஊதியம் வழங்கிவிடலாம். நாம் எதற்குச் செலவிடுகிறோம் என்பது நம் இரசனையின் அளவுகோலேயன்றி நம் வறுமையின் அளவுகோலன்று.

திருவெம்பாவையின் அமைப்பை இறுதியாக ஒருமுறை நினைவுகூர்தல் தகும். அது மூடிய கதவொன்றின் முன்னின்று தொடங்குகின்றது. வெளியே நிற்கும் மகளிர் உள்ளே துயில்பவளை அழைக்கின்றனர். வீதியில் எழுந்த பாடலைக் கேட்ட மாத்திரத்தே விம்மி விம்மி மெய்ம்மறந்து அமளியினின்று புரண்டுவிழுந்த ஒருத்தியைப் பற்றி அவர்கள் பேசுகின்றனர். ஒலிபெருக்கி அறியாத அக்குரல் வீதியினின்று அறைக்குள் நுழைந்து ஒருத்தியை எழுப்பப் போதியதாயிருந்தது. மார்கழிதோறும் அப்பாடலை ஓதும் நாம், கதவுக்கு எப்புறத்தில் நிற்கிறோம் என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.