மேடைக் கீபோர்டுகளில் நினைவக அளவும் ஏற்றும் நேரமும்

மெல்லிசைக் குழுக்கள் பயன்படுத்தும் டிஜிட்டல் கீபோர்டுகளை நினைவக அளவைக் கொண்டு மதிப்பிடும் வழக்கம் பரவலாக உள்ளது. விளம்பரத் தாள்களில் ஜிகாபைட் கணக்கு தடித்த எழுத்தில் இருக்கும். கருவியை இயக்கியதிலிருந்து முதல் சுரம் ஒலிக்க எத்தனை விநாடி ஆகும் என்பதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கச்சேரி வாசிப்பவருக்கு முதன்மையானது அந்த இரண்டாவது எண்ணே.

கோவிலம்பாக்கம், மேடவாக்கம், கீழ்க்கட்டளைப் பகுதிகளில் ஆடி மாதக் கோயில் கச்சேரி என்றால் தெருவோர மேடை, ஜெனரேட்டர் மின்சாரம். அது ஒரு நொடி விட்டுவிட்டு வந்தால் கிட்டாரின் ஆம்ப்ளிஃபயர் உடனே உயிர்பெறும். தபேலாவுக்கு மைக் மட்டும் போதும். கீபோர்டு மட்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வயலின் கூட்டமும் புல்லாங்குழலும் அதிலிருந்தே வருவதால் பாட்டு நின்றுவிடும். கூட்டம் குறை சொல்வது குழுவைத்தான்.

நினைவகம் பெருகியதற்குக் காரணம் உண்டு. குறுந்தகட்டுத் தரத்தில் ஸ்டீரியோ ஒலிக்கு நிமிடத்திற்குச் சுமார் 10 மெகாபைட் தேவை. பியானோவின் 88 கட்டைகளையும் எட்டு அழுத்த நிலைகளில், தலா 10 விநாடி பதிவு செய்தால் 1.2 ஜிகாபைட்டைத் தாண்டும். 1988இல் வந்த கோர்க் எம்1 வெறும் 4 மெகாபைட் ஒலியை வைத்துக்கொண்டு உலகையே வாசிக்க வைத்தது என்பதும் உண்மை.

விளம்பரங்கள் மறைப்பது நினைவகத்தின் வகையை. 1999இல் வந்த கோர்க் டிரைட்டனில் சொந்த ஒலிகளுக்கு 16 மெகாபைட் ரேம் இருந்தது. மின்சாரம் போனால் அதில் உள்ளது அழிந்துவிடும். பிளாப்பி வழியாக அதை மீண்டும் நிரப்ப 12 தட்டுகள் வேண்டும். 2007இன் யமஹா மோடிஃப் எக்ஸ்எஸ் 1 ஜிகாபைட் வரை ரேம் ஏற்றது. அளவு வளர்ந்தது, அழியும் குணம் மாறவில்லை. 2010இன் மோடிஃப் எக்ஸ்எஃப் கருவியில்தான் ஃபிளாஷ் பலகை வந்தது. அதில் ஒலியை எழுதுவதற்கு நெடுநேரம் ஆகும், ஆனால் அது வீட்டில் செலவாகும் நேரம். மேடையில் சொந்த ஒலிகளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

2011இன் கோர்க் குரோனோஸ் வேறு வழியில் போனது. ஒலியின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்து, மீதியை 30 ஜிகாபைட் எஸ்எஸ்டியிலிருந்து வாசிக்கும்போதே எடுத்தது. ஒலி மாற்றும்போது முந்தைய சுரம் அறுபடாமல் தொடர்ந்ததும் அதன் பெருமை. ஒரே பாட்டில் நான்கைந்து ஒலி மாற்ற வேண்டிய இளையராஜா பாடல்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் உள்ளே இருப்பது லினக்ஸ் கணினி. இயங்கத் தொடங்க இரண்டு நிமிடத்திற்கு மேல் ஆகிறது. கச்சேரியில் இரண்டு நிமிடம் என்பது அறிவிப்பாளரின் சொல்வளம் தீர்ந்துபோகும் நேரம். 2017இன் நோர்டு ஸ்டேஜ் 3 பியானோவுக்கு 2 ஜிகாபைட் மட்டுமே தருகிறது; ஃபிளாஷில் இருப்பதால் சில விநாடிகளில் தயாராகிவிடும்.

ஒலிப்பதிவுக் கூடத்திலோ தனிப் பியானோக் கச்சேரியிலோ பெரிய நினைவகம் கொடுத்த பணத்திற்குப் பலன் தரும். தெருமுனைக் கூம்பு ஒலிபெருக்கியில் பியானோவின் நீண்ட அதிர்வு யார் காதிலும் விழாது.

குரோனோஸ் வைத்திருப்பவர் அதை ஒரு சிறிய யுபிஎஸ்ஸில் இணைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். பழைய கீபோர்டை வாங்குவோர் சொந்த ஒலியை ஏற்றி வாசித்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், சுவிட்சை அணைத்து மீண்டும் போட்டு, அந்த ஒலி இருக்கிறதா, எத்தனை விநாடியில் வருகிறது என்று பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.