பின்சீட்டு ரேஞ்சர்கள்

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்குப் பிள்ளைகளோடு கோடையில் காரில் கிளம்புகிறவர்களுக்கு உற்ற துணை, பிள்ளைகளே விடையெழுதி நிரப்பும் 'ஜூனியர் ரேஞ்சர்' புத்தகம். பார்வையாளர் மையத்தில் கேட்டால் பெரும்பாலும் இலவசம். கையில் வந்ததும் 'இன்னும் எவ்வளவு தூரம்?' என்ற நச்சரிப்பு அடங்கி, பென்சில் தேடும் சத்தம் கேட்கும். 1872-இல் உருவான எல்லோஸ்டோன் பூங்காவில், ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பீறிடும். அந்தக் காத்திருப்புக்குப் புத்தகத்தின் நாலு பக்கம் போதும்.

முடித்துக் கொடுத்தால், அகல விளிம்புத் தொப்பி வைத்த ரேஞ்சர், அதாவது பூங்காக் காவலர், ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார். சிரிக்காமல் கேள்வி கேட்பார். பிறகு வலக்கை உயர்த்தி, பூங்காவைக் காப்பேன் என்று உறுதிமொழி. ஐஸ்கிரீம் கறை படிந்த டீ-ஷர்ட்டில் சின்னம் ஏறும். அதன்பின் வழியில் ஒரு கூழாங்கல்லை எடுத்துப் பாருங்கள்: "அப்பா, அங்கேயே வைங்க!"