வெள்ளியைப் புதனாக்குவோர்

தவக்காலம் வந்தால் பொம்மிடிப் பக்கமும் இந்த வாதம் கிளம்பிவிடுகிறது: இயேசு இறந்தது வெள்ளிக்கிழமை இல்லை, புதன்கிழமை, சபைகள் இத்தனை காலம் மறைத்துவிட்டன. முன்பு துண்டறிக்கை, இப்போது வாட்ஸ்அப் காணொளி. ஆதாரம் மத்தேயு 12:40 சொல்லும் மூன்று பகல், மூன்று இரவு. வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு விடியல்வரை எண்ணினால் இரவு இரண்டுதானே? விரல்விட்டு எண்ணத் தெரிந்த யாரையும் மடக்குகிற கேள்விதான். அமெரிக்காவில் ஆர். ஏ. டோரியும் ஹெர்பர்ட் ஆம்ஸ்ட்ராங்கும் பரப்பிய பழைய சரக்கு இது என்பதை மட்டும் காணொளி சொல்வதில்லை.

பதில் நம் சாவு வீட்டிலேயே இருக்கிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கு இறந்த நாளையும் சேர்த்தே பெரும்பாலும் எண்ணுகிறோம்; சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன உயிருக்கும் அன்றைக்கு ஒரு நாள் கணக்கு. யூதருக்கும் அதே வழக்கம். எஸ்தர் மூன்று நாள் இரவும் பகலும் நோன்பிருக்கச் சொல்லிவிட்டு, மூன்றாம் நாளே அரசன்முன் போய் நிற்கிறாள். மத்தேயுவிலேயே, மூன்று நாளுக்குப் பின் எழுவேன் என்றானே என்று பிலாத்திடம் முறையிடுகிறவர்கள் காவல் கேட்பது மூன்றாம் நாள்வரைக்கும்தான். புதன்கிழமைக்கு இது போதும்.

உண்மையான சிக்கல் கடைசி இராவுணவில். மாற்கு, மத்தேயு, லூக்கா மூவருக்கும் அது பாஸ்கா விருந்து. ஆட்டுக்குட்டி அறுத்தாயிற்று, யூத மாதமான நீசானின் 15ஆம் நாள் பிறந்தாயிற்று. யோவானிலோ மறுநாள் காலையிலும் யூதத் தலைவர்கள் பாஸ்கா உண்ணவில்லை. தீட்டாகிவிடும் என்று ஆளுநர் மாளிகைக்குள் கால்வைக்க மறுக்கிறார்கள். அப்படியானால் இறப்பு நீசான் 14. மணியும் ஒட்டவில்லை. மாற்கில் காலை ஒன்பதுக்கே சிலுவையில் அறைந்துவிட்டார்கள். யோவானில் நண்பகல் நெருங்கும்போதும் பிலாத்து தீர்ப்பு இருக்கையில்தான் இருக்கிறான்.

ஒட்டவைக்கும் வேலை சீக்கிரமே தொடங்கியது. 170 வாக்கில் தாத்தியான் நான்கையும் ஒன்றாகப் பின்னினார். சிரிய சபைகள் 5ஆம் நூற்றாண்டுவரை அதைத்தான் வாசித்தன. பிறகு ஆயர் தெயொதொரேத்து 200க்கும் மேற்பட்ட பிரதிகளை அகற்றி, நான்கு நூல்களையும் திரும்ப வைத்தார். அகுஸ்தீன் 400 வாக்கில் கண்ட சமாதானம்: ஒன்பது மணிக்கு யூதர் நாவால் அறைந்தார்கள், பன்னிரண்டுக்குப் படைவீரர் கையால். சாமர்த்தியம்தான், ஆனால் வக்கீலின் சாமர்த்தியம். 1537இல் ஓசியாண்டர், விவரம் மாறினால் நிகழ்ச்சியே வேறு என்றார். அந்த வழியில் போன ஹாரல்ட் லிண்ட்செல் 1976இல் பேதுருவை ஆறு முறை மறுதலிக்கவைத்தார். நான்கு நற்செய்தியிலும் மூன்றே முறை. பிழையைத் தவிர்க்கப் போய் ஐந்தாவது நற்செய்தி எழுதியாயிற்று.

தமிழுக்கு நான்கு கணக்குகளும் 1714இல், சீகன்பால்கு தரங்கம்பாடியில் நற்செய்திகளை அச்சேற்றியபோதே வந்துவிட்டன. பெர்சிவலோடு உட்கார்ந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவிய ஆறுமுக நாவலர், அந்த வாசிப்பையே ஆயுதமாக்கி 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதினார். அவரைப்போல் வரிவரியாக விவிலியம் படித்தவர் பாதிரிமாரிலேயே சிலர்தான் இருந்திருப்பார்கள். மற்றபடி நம்முடையது பின்னும் மரபு. கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடுகளைச் சொல்லும் இடமும், கண்ணதாசனின் ‘இயேசு காவியம்’ முழுதும் அப்படியே. காவியத்துக்கு ஒரே கதையோட்டம் வேண்டும், கவிஞர்மேல் வழக்கில்லை. காவியம் படித்த கண்ணோடே நற்செய்தியையும் படிப்பவர்களிடம்தான் என் வழக்கு.

இன்றைய கெட்டிக்காரர்கள் பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்திருக்கிறார்கள். 1957இல் அன்னி ஜொபேர், கும்ரான் குகைச் சுவடிகளோடு தொடர்புடைய 364 நாள் சூரியக் கணக்கைக் கொண்டு இராவுணவைச் செவ்வாய் இரவுக்கு நகர்த்தினார். 364 என்பது சரியாக 52 வாரம். பண்டிகை ஆண்டுதோறும் ஒரே கிழமையில் விழும். அழகான கணக்கு. ஆனால் இயேசு அந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றினார் என்பதற்கு நற்செய்தியில் ஒரு வரிகூட இல்லை. 2011இல் காலின் ஹம்ப்ரீஸ் வேறொரு பழைய நிலவுக் கணக்கைக் காட்டி அதே விருந்தைப் புதன் இரவில் வைத்தார். 2007இல் ஜொபேர் பக்கம் சாய்ந்து மறையுரை ஆற்றிய பதினாறாம் பெனடிக்ட், 2011இல் வந்த தன் நூலில் ஜான் மையரைத் தொடர்ந்து யோவானின் தேதிக்கே வந்தார். அந்த நேர்மை பஞ்சாங்கக்காரர்களிடம் இல்லை.

தேதிக்கு வாய்ப்புள்ள வெள்ளிகளாக அறிஞர்கள் முன்வைப்பவை இரண்டு: கி.பி. 30 ஏப்ரல் 7, கி.பி. 33 ஏப்ரல் 3. இரண்டுமே நீசான் 14 என்று கொள்ளப்படுபவை. இரண்டும் யோவானுக்குச் சாதகம். நானும் அந்தப் பக்கமே. அதனால் மாற்கு தள்ளுபடி ஆகிவிடாது. அவர் அந்த மேசையையே பாஸ்காவாகக் காட்டுகிறார். யோவான் அந்த ஆளையே பாஸ்கா ஆடாகக் காட்டுகிறார், கால் எலும்பை முறிக்காமல் விட்டார்கள் என்பதுவரை. இரண்டையும் ஒரே கிழமைக்குள் திணித்தால் இருவர் சொன்னதும் போய்விடும்.

பொம்மிடியை ஒட்டிய பி. பள்ளிப்பட்டி லூர்து அன்னை கோயில் உட்பட, கத்தோலிக்கக் கோயில்களில் புனித வாரம் வாசிக்கும் முறையைப் பாருங்கள். குருத்து ஞாயிறன்று மத்தேயு, மாற்கு, லூக்கா ஆண்டுக்கு ஒருவராக. பெரிய வெள்ளி பிற்பகல் எப்போதும் யோவான். பெரிய வியாழன் மாலையில் முதல் வாசகம் விடுதலைப்பயணம் 12, ஆட்டை அறுத்து உண்ணும் சட்டம். நற்செய்தியோ யோவான் 13, பாஸ்காவுக்கு முன் என்றே தொடங்குகிறது. ஒரே பலிபீடத்தின்முன், ஒரே மாலையில் இரண்டு கணக்கு. யாரும் எழுந்து நின்று கேள்வி கேட்டதில்லை. கேட்கட்டும் என்பதே என் ஆசை.

மறைக்கல்வி வகுப்பில் இன்னொரு ‘இயேசுவின் வாழ்க்கை’ நூல் வேண்டாம். கிரீஸ்பாக் 1776இல் அச்சிட்டதைப்போல் நற்செய்திகளை அருகருகே வைத்து ஒப்பிடும் பத்திகள் போதும். உயிர்ப்புக் காலையிலிருந்து தொடங்கலாம். கல்லறைக்குப் போன பெண்கள்: மத்தேயுவில் இருவர், மாற்கில் மூவர், லூக்காவில் இன்னும் பலர், யோவானில் மகதலா மரியா ஒருத்தி. மாற்கில் கதிரவன் எழுந்துவிட்டான்; யோவானில் இன்னும் இருட்டு. உயிர்த்தவரைக் கலிலேயாவில் கண்ட செய்தி மத்தேயுவிலும் யோவானிலும் உண்டு. லூக்காவில் காட்சிகளெல்லாம் எருசலேமிலும் அதன் சுற்றுப்புறத்திலும்தான். மாற்கின் மிகப் பழைய பிரதிகள் இரண்டும் 16:8இல் பெண்கள் அஞ்சி ஓடுவதோடு நின்றுவிடுகின்றன. அந்தப் பத்திகளின் வெற்றிடங்களை ஆசிரியர் தன் கைச்சரக்கால் நிரப்பாமல் விட்டால் போதும். மீதியைப் பிள்ளைகள் கேட்பார்கள்.