பிடி தளராத இரும்பு

வெள்ளிக்கிழமைகளில் பல்லாவரம் சந்தைக்கு வருகிறவர்கள் பலவிதம். ரோஜாச் செடி வாங்க வருபவர்கள், பழைய தேக்கு நாற்காலி தேடுபவர்கள், மிக்ஸி ஜாருக்கு மூடி கிடைக்குமா என்று பார்ப்பவர்கள். அவர்களுக்கு நடுவே, தார்ப்பாயில் கொட்டிய ஸ்பேனர், பேரிங், சங்கிலிக் குவியலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஒரே ஒரு பொருளைத் தேடுகிற சிலரும் உண்டு. பட்டறை மேசையில் பொருத்தி, வேலைக்கான துண்டை இரண்டு தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கிற பெஞ்ச் வைஸ்தான் அவர்கள் தேடுவது. துருவேறி, கைப்பிடி வளைந்து, திருகு இறுகிப்போன ஒன்று கண்ணில் பட்டால் இரண்டு கையாலும் தூக்கிப் பார்ப்பார்கள். விரிசல் இருக்கிறதா என்று சின்ன ஸ்பேனரால் தட்டி ஓசை கேட்பார்கள். பேரம் படிந்தால் இருபது கிலோ இரும்பை ஸ்கூட்டரில் காலடியில் வைத்துக்கொண்டு குரோம்பேட்டைக்கோ சேலையூருக்கோ முடிச்சூருக்கோ கிளம்பிவிடுவார்கள்.

நானும் அவர்களில் ஒருவன். பழைய வைஸ்களைச் சேர்ப்பது, துரு நீக்கி மறுபடி ஓடவைப்பது என்ற இந்தப் பழக்கத்தில் உண்மையான பயன் எவ்வளவு, அது எங்கே தடம் மாறுகிறது என்று எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். விருப்பத்தோடு செய்கிற காரியத்தில் குறை நம் கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. அதனாலேயே இந்த எடைபோடல் தேவைப்படுகிறது.

தென்சென்னையும் ஃபிட்டரின் மேசையும்

இந்தப் பொருளுக்கும் எங்கள் வட்டாரத்துக்கும் உறவு உண்டு. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அந்த ரயில்களைப் பராமரிக்கத் தாம்பரத்தில் பணிமனை வந்தது. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் என்ற தோல் ஆலையிலிருந்து வந்தது. பல்லாவரத்தில் இங்கிலிஷ் எலெக்ட்ரிக், வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ், காமராஜர் ஆட்சியில் 1958-ல் திறந்த கிண்டி தொழிற்பேட்டை, 1984-ல் தாம்பரத்தில் அமைந்த ஏற்றுமதி மண்டலம் என்று ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியே இந்தப் பகுதி தொழில் கற்றது. பெரிய ஆலைகளைச் சுற்றி நூற்றுக்கணக்கான லேத் பட்டறைகளும் கேட், கிரில் கடைகளும் முளைத்தன. எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் லேத் இருக்கிறதோ இல்லையோ, ஒரு வைஸ் கட்டாயம் இருக்கும்.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பு இரண்டு ஆண்டு. அதில் சேர்ந்த பையன் முதலில் கற்பது வைஸின் முன்னால் நிற்கத்தான். தாடைகளின் மேல்மட்டம் முழங்கை உயரத்துக்கு இருக்க வேண்டும். கால்களை அகற்றி நின்று, இரும்புத் துண்டை இறுக்கி, அரத்தால் ராவி ராவி நாலு பக்கமும் மட்டம் வரவைக்க வேண்டும். கை காய்த்துப்போகும் அந்த மாதங்களில்தான் அவன் தொழிலாளி ஆகிறான். அந்தத் தலைமுறை ஓய்வுபெறும்போதும், பட்டறை கைமாறும்போதும், வாடகைக்குக் கட்டுப்படியாகாமல் ஷட்டரை இறக்கும்போதும் மேசையோடு சேர்த்து வைஸும் காயலான் கடைக்கு எடைக்குப் போகிறது. அங்கிருந்து உருக்கு உலைக்குப் போகும் வழியில் அதை மறிப்பவரே சேகரிப்பாளர்.

நிறை எங்கே?

முதல் நிறை, சீர்செய்யத் தகுந்த பொருள் இது. வைஸின் உள்ளமைப்பு மிக எளிது. நிலையான தாடை ஒன்று, நகரும் தாடை ஒன்று, இரண்டையும் இணைக்கும் திருகுத் தண்டு, அது ஓடுகிற நட்டு, பிடிப்புக்காகப் பல்வெட்டிய இரண்டு எஃகுத் தகடுகள். மரை தேய்ந்தால் நட்டைப் புதிதாகக் கடைந்து போடலாம். தகடு மழுங்கினால் இரண்டு ஸ்குருவைக் கழற்றி மாற்றலாம். இங்கிலாந்தில் ஷிப்லியின் பார்க்கின்சன், ஷெஃபீல்டின் ரெக்கார்டு போன்ற நிறுவனங்கள் செய்த சில வகைகளில் முன்புறம் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அதை அழுத்தினால் அரைநட்டு மரையைவிட்டு விலகி, தாடை ஒரே இழுப்பில் நகர்ந்துவிடும். அந்த அமைப்பும் ஒரு சுருள்வில்லையும் ஒரு துண்டு வார்ப்பிரும்பையும் நம்பியதுதான். பூட்டி வைத்த ரகசியம் எதுவும் அதற்குள் இல்லை. பழுதானால் தூக்கி எறி என்று சொல்லும் சாதனங்களுக்கு நடுவே இப்படி ஒரு பொருளைப் பிரித்து மாட்டுவது நல்ல படிப்பு.

இரண்டாவது நிறை, அதில் படிந்திருக்கும் நினைவு. போன ஆண்டு சந்தையில் வாங்கிய ஐந்தங்குல வைஸ் ஒன்றைப் பிரித்தேன். திருகைச் சுற்றி இருந்த கிரீஸ் தார்போல இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டியபோது அடுக்கடுக்காக வந்தது. மேலே மினுங்கும் அலுமினியத் துகள், அதற்குக் கீழே மஞ்சளாகப் பித்தளைத் துகள், எல்லாவற்றுக்கும் அடியில் கருத்த இரும்புத் தூள். அந்தப் பட்டறை எந்த வரிசையில் என்னென்ன வேலை செய்தது என்பதை ஒரு கரண்டி அழுக்கில் படிக்க முடிந்தது. அடிப்பாகத்தில் போல்ட் துளையைச் சுற்றிச் சந்தனமும் குங்குமமும் கல்லாக இறுகிக் கிடந்தன. ஆண்டுதோறும் ஆயுதபூஜைக்கு அந்த வைஸுக்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் உளியால் வெட்டிய மூன்று எழுத்துகள், யாரோ ஒரு ஃபிட்டரின் பெயரின் முதலெழுத்துகளாக இருக்கலாம். எங்கள் வட்டாரத் தொழில் வரலாற்றை எழுதியவர்கள் குறைவு. அது இப்படித்தான் இரும்பில் கிடக்கிறது.

மூன்றாவது, கை பழகுகிறது. கணினி முன் நாள் முழுதும் உட்கார்கிற ஒருவர் ஞாயிற்றுக்கிழமை அரம் பிடிக்கிறார், மரை அளக்கக் கற்கிறார், லேத்காரரிடம் போய் நின்று பேசக் கற்கிறார். தொழிலாளியின் வேலைக்கு எவ்வளவு நுட்பம் வேண்டும் என்பது அப்போதுதான் உடம்புக்குப் புரிகிறது.

குறை எங்கே?

இந்தப் பழக்கத்தில் முதலில் களைய வேண்டியது, பழையதெல்லாம் உறுதி என்ற நம்பிக்கை. அந்தக் காலத்திலும் மட்டமான வைஸ்கள் ஏராளமாக வந்தன. அவை உடைந்து, உருகிப் போய்விட்டன. நல்லவை மட்டும் எஞ்சி நம் கைக்கு வந்திருக்கின்றன. எஞ்சியதை வைத்துக்கொண்டு அந்தக் காலம் முழுவதையும் புகழ்வது பிழை. உலோகவியலும் இதையே சொல்கிறது. பழைய வைஸ்களில் பெரும்பாலானவை சாம்பல்நிற வார்ப்பிரும்பு. அதற்குள் கரி தகடு தகடாகப் படிந்திருப்பதால் ஓங்கி அடித்தால் வளையாமல் சட்டென்று உடையும். கரியை உருண்டைகளாக்கி இரும்பை முறியாமல் வளையவைக்கும் வார்ப்புமுறை 1940-களில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த முறையில் ஒழுங்காக வார்த்த இன்றைய வைஸ், தாத்தா காலத்து வைஸைவிட அதிக அடி தாங்கும்.

இரண்டாவது குறை, அயல்பெயர் மோகம். ஷெஃபீல்டு என்று வார்த்திருந்தால் விலை ஏறுகிறது. ஜலந்தரிலோ லூதியானாவிலோ வார்த்து நம் பட்டறைகளில் காலமெல்லாம் உழைத்த வைஸைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. எந்தப் பெயரும் பொறிக்காமல் உள்ளூர் வார்ப்படச் சாலைகளிலிருந்து வந்தவற்றின் நிலை இன்னும் மோசம். நாளை நம் தொழில் வரலாற்றைத் தேடுகிறவருக்கு இங்கிலாந்துப் பெயர்கள் மட்டும் கிடைத்தால் அந்தப் பழி சேகரிப்பாளர்களுக்குத்தான்.

மூன்றாவது குறை எல்லாவற்றிலும் பெரியது: மெருகு வெறி. இணையத்தில் ஓடும் சீரமைப்புக் காணொளிகள் இதை வளர்த்துவிட்டன. மணல் வீசித் துருவை உரிக்கிறார்கள். வார்ப்பின் சொரசொரப்பைக் கிரைண்டர் வைத்து வழிக்கிறார்கள். தாடையை மில்லிங்கில் ஏற்றி இரண்டு மில்லிமீட்டர் சீவுகிறார்கள். கண்ணாடிபோலப் பளபளக்கும் திருகு, சிவப்போ நீலமோ பளிச்சென்று பெயின்ட். பார்க்க அழகுதான். ஆனால் உளி எழுத்தும், சுத்தியல் தடமும், பொட்டு வைத்த கறையும் ஒரே மதியத்தில் போய்விடுகின்றன. சீவிய இரும்பு திரும்பி வராது. இதைவிடக் கெடுதல் விரிசலைப் பட்டி பூசி மறைத்து மேலே பெயின்ட் அடித்து விற்பது. வாங்கியவர் இறுக்கி, மேலே ஒரு அடி கொடுக்கும்போது தாடை முறிந்து காலில் விழும். வார்ப்பிரும்பை ஒட்டவைக்க முடியும். அதற்கு முன்கூட்டியே சூடேற்றி, நிக்கல் ராடு போட்டுப் பற்றவைத்து, சுண்ணாம்பிலோ சாம்பலிலோ புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். அப்படிச் செய்ததை வாங்குகிறவரிடம் மறைக்காமல் சொல்வது விற்பவரின் கடமை.

பாதுகாப்பிலும் அசட்டை உண்டு. பழைய பெயின்டில், குறிப்பாகத் துருத்தடுப்புக்கு அடித்த செந்நிறப் பூச்சில், ஈயம் இருக்க வாய்ப்புண்டு. வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற இந்திய விதியே 2016-ல்தான் வந்தது. அப்படியிருக்க, குழந்தைகள் விளையாடும் போர்ட்டிகோவில் உட்கார்ந்து எமரித்தாளால் உலர்ந்தபடியே தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆசிட்டில் முக்கி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றுவதும் நடக்கிறது.

எழும்பூர் கற்றுத்தரும் பாடம்

இந்தக் குறைகளுக்கு மாற்று வெகுதூரத்தில் இல்லை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-ல் தொடங்கிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில், பரமசிவன் என்ற வேதியியலாளர் செப்புத் திருமேனிகளின் களிம்பை மின்னாற்பகுப்பு முறையில் நீக்கினார். அரித்த படலத்தை அகற்ற வேண்டும், சிற்பியின் உளி பட்ட இடத்தைத் தொடக்கூடாது என்பதே அந்த வேலையின் அறம்.

அதே முறையை இன்று தாம்பரத்து மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் செய்ய முடிகிறது. தண்ணீரில் சலவைச் சோடா கரைத்து, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை வைஸிலும் நேர்முனையை வேண்டாத இரும்புத் தகட்டிலும் கொடுத்தால் ஒரு நாளில் துரு கருத்து உதிர்கிறது. நல்ல இரும்பில் ஒரு இழை குறைவதில்லை. நேர்முனையில் எவர்சில்வர் போடக்கூடாது, அதிலுள்ள குரோமியம் நஞ்சாகக் கரையும். ஹைட்ரஜன் எழும்பும் என்பதால் மூடிய அறையில் வைக்கக்கூடாது, பக்கத்தில் நெருப்பு ஆகாது. வெளியே எடுத்ததும் கழுவித் துடைத்து எண்ணெய் தடவிவிட வேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் வெறும் இரும்பு ஒரே இரவில் செம்மண் நிறம் பூசிக்கொள்ளும். 2015 வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து கருவிகளை இழந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இத்தனையும் செய்து, பெயின்டும் அடித்து முடித்த என் ஐந்தங்குல வைஸை, பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவரிடம் காட்டினேன். நிறத்தைப் பற்றி அவர் உடனே எதுவும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்த பஸ் டிக்கெட்டை இரண்டாகக் கிழித்து, தாடையின் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றும் வைத்து மெல்ல இறுக்கினார். இடப்பக்கத்துத் துண்டை இழுத்தார், வரவில்லை. வலப்பக்கத்துத் துண்டு சுலபமாக உருவிக்கொண்டு வந்தது.

"தம்பி, பெயின்ட் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது இன்னும் ஒரு பக்கமாத்தான் பிடிக்குது. தகட்டைக் கழட்டிப் பாரு, பின்னாடி துரு தங்கியிருக்கும்."

"சரிங்கண்ணே, பார்க்கிறேன்."

பார்த்தேன். தகட்டுக்குப் பின்னால் அரிசி கனத்துக்குத் துருச் செதில் இருந்தது. அதை நீக்கிய பிறகு இரண்டு துண்டும் வரவில்லை.

தீர்ப்பு

ஒரு பஸ் டிக்கெட் துண்டு சொன்ன தீர்ப்புதான் என் தீர்ப்பும். வைஸின் மதிப்பு அதன் பிடியில் இருக்கிறது. பிடியைத் திருப்பித் தருகிற சீரமைப்பு நல்ல சீரமைப்பு. பிடியை விட்டுவிட்டு மினுக்கை மட்டும் தருவது அந்த இரும்புக்கும் அதில் உழைத்தவருக்கும் செய்கிற அவமதிப்பு. உருக்கப்போன பொருளைக் காப்பாற்றுவது, கைக்கு வேலை கற்றுத்தருவது, எழுதப்படாத தொழில் வரலாற்றைத் தொட்டுப் பார்க்கவைப்பது ஆகிய மூன்று காரணங்களுக்காக இந்தப் பழக்கத்தின் பக்கம் தராசு தாழ்கிறது என்றே சொல்வேன். ஆனால் சேகரிப்பாளர்கள் போட்டியிட்டு விலையை ஏற்றி, புதிதாகக் கடை போடுகிற ஒரு கிரில்காரப் பையனுக்குப் பழைய வைஸ் எட்டாமல் போகுமானால் தராசு மறுபக்கம் சாயும்.

ஆகவே இந்தப் பழக்கம் உள்ள நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. பிரிக்கும் முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். எங்கே, எந்தப் பட்டறையிலிருந்து வந்தது என்று விற்பவரிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். வெட்டிய எழுத்தையும் பொட்டுக் கறையையும் விட்டுவையுங்கள். ஒரு வைஸை உங்கள் மேசைக்கு வைத்துக்கொள்ளுங்கள், இன்னொன்றை ஆசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதைச் சீர்செய்து வாங்கிய விலைக்கே வேலை தெரிந்த ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆயுதபூஜைக்கு அது ஒரு பட்டறையில் பொட்டு வைத்துக்கொள்ளட்டும்.