பிடிக்கத் தெரிந்த ஜப்பான்

நயினார்கோவில் வட்டாரத்தில் மழை பொய்த்துக் கண்மாய் வறண்டால் ஆண்கள் கப்பலேறிய காலம் உண்டு. பரமக்குடி, இளையான்குடி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு மலேயாவும் பர்மாவும்தான் சோறு போட்டன. அந்த அக்கரைச் சீமையை ஜப்பான் பிடித்ததை, வெள்ளைக்காரனுக்குக் கிடைத்த அடி என்று இன்றும் பெருமையாகப் பேசுகிறோம். அடி விழுந்தது உண்மை. ஆனால் அடித்தவனின் போர்த்திட்டத்தையும் எடைபோட வேண்டும். அதற்கு விலை கொடுத்தவர்களில் நம்மவர்கள் ஏராளம்.

முதலில் அதன் திறமை. 1941 டிசம்பர் 8-ல் மலேயாவின் கோத்தா பாருவில் இறங்கிய படை, 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரைப் பணியவைத்தது. எழுபதே நாள். தளபதி யமாஷிதாவின் வீரர்கள் சைக்கிளில் வந்தார்கள். டயர் கிழிந்தால் வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினார்கள். ரப்பரைக் கொண்டுபோக ஆங்கிலேயர் போட்ட தார்ச்சாலையே அவர்களுக்குப் பாதையானது. ஆங்கிலேயர் விட்டுப்போன அரிசியும் பெட்ரோலுமே அவர்களைத் தாங்கின. சுமையைக் குறைத்து வேகத்தைக் கூட்டிய இந்தக் கணக்கு, போர்க்கலை என்ற அளவில் அசாத்தியமானது.

அந்த வேகத்துக்குள்ளேயே கோளாறும் இருந்தது. 1931-ல் மஞ்சூரியாவில் டோக்கியோவைக் கேட்காமலே ராணுவ அதிகாரிகள் சண்டையைத் தொடங்கினார்கள். அரசு பின்னால் போய் ஒப்புக்கொண்டது. 1937-ல் தொடங்கிய சீனப் போர் முடியவில்லை. 1939-ல் மஞ்சூரிய எல்லையிலுள்ள நோமோன்ஹானில் சோவியத் படையிடம் தோல்வி. 1941-ல் தெற்கு இந்தோசீனாவில் புகுந்ததும் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது. ஒவ்வொரு சிக்கலுக்கும் இன்னொரு நாட்டைப் பிடிப்பதே மருந்து என்று நம்பினார்கள். பிடித்த ஊரில் இருப்பவன் நாளை எதைத் தின்பான் என்ற கேள்வி அந்தத் திட்டத்தில் இடம்பெறவே இல்லை.

அதன் பலனை மலேயா தோட்டங்களில் பார்க்கலாம். ரப்பருக்கு வாங்குவாரில்லை. வெளியிலிருந்து வந்த அரிசி அருகிப்போய் மரவள்ளிக்கிழங்கே சாப்பாடானது. வாழைமரம் போட்ட பத்து வெள்ளி நோட்டைக் கணக்கில்லாமல் அடித்தார்கள். பின்னாளில் வந்த நோட்டுகளில் வரிசை எண்கூட இல்லை. ஊருக்கு வந்துகொண்டிருந்த பணமும் கடிதமும் நின்றன. அந்த ‘ஜப்பான்காரன் காலத்தை’ உள்ளிருந்து அறிய, அப்போது தென்கிழக்காசியாவில் வாழ்ந்த சிங்கம்புணரிக்காரர் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைப் படிக்க வேண்டும்.

பட்டினி கிடந்த அந்தத் தோட்டங்களிலிருந்துதான் சயாம் மரண ரயில்பாதைக்கு ஆள் பிடித்தார்கள். பர்மாவுக்குக் கடல்வழியே சரக்கு அனுப்பினால் எதிரியின் நீர்மூழ்கிகள் மூழ்கடிக்கும். ஆகவே காட்டுக்குள் சுமார் 415 கிலோமீட்டர் பாதை. கூலி உண்டு, சாப்பாடு உண்டு என்றார்கள். பிறகு லாரியில் வந்து வாரிக்கொண்டு போனார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா பரவியது. அதே பாதையில் வேலைவாங்கப்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளிடம் சொந்த மருத்துவர்களும் பெயர்ப்பட்டியலும் இருந்தும் 12 ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்ற ஆசியக் கூலிகளுக்கு இரண்டுமே இல்லை. அவர்களில் மாண்டவர்கள் சுமார் 90 ஆயிரம் என்பது மதிப்பீடு. ‘ஆசியா ஆசியருக்கே’ என்று முழங்கிய அரசு, ஆசியரின் பிணங்களை எண்ணக்கூட இல்லை. இதை எந்தப் போர்த்தேவையாலும் நியாயப்படுத்த என்னால் முடியாது.

சரி, அந்தப் பாதையாவது உதவியதா? 1943 அக்டோபரில் முடிந்தது. நாளுக்கு மூவாயிரம் டன் என்று முதலில் போட்ட திட்டத்தைக் கட்டும்போதே ஆயிரமாகக் குறைத்துக்கொண்டார்கள். 1944 மார்ச்சில் ஜப்பானியத் தளபதி முத்தகுச்சி மூன்று வாரச் சாப்பாட்டோடு படையைப் பர்மாவிலிருந்து இம்பாலுக்கு நடத்தினார். உணவுக்கென ஓட்டிவந்த மாடுகளில் பல பர்மாவின் சிந்த்வின் ஆற்றிலேயே போயின. சுமார் 30 ஆயிரம் ஜப்பானியர் இறந்தார்கள்; பசியும் நோயும் கொன்றவர்களே அதிகம். அதே மலைப்பாதையில் நேதாஜியின் படையும் பட்டினியோடு பின்வாங்கியது. அவர்கள் எதற்காகப் போனார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்களின் தியாகத்தைக் காட்டி ஜப்பானின் திட்டத்துக்குப் பெருமை சேர்ப்பதைத்தான் மறுக்கிறேன். தன் வீரனுக்கே சோறு அனுப்ப வழி வைக்காத தலைமை, தோட்டத்துத் தமிழனுக்கு விடுதலை கொண்டுவர வந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.