இரண்டு விதமான இல்லாமை

அப்பாச்சி ஆன்ட் என்ற ஜாவா கட்டுமானக் கருவியை மூல நிரலிலிருந்து கட்டி முடித்ததும் திரையில் ‘பில்ட் சக்சஸ்ஃபுல்’ என்று வரும். எதெல்லாம் விடுபட்டது என்பதை அந்த வரி சொல்லாது. கோப்பை வேறு கணினிக்கு அனுப்பும் எஸ்சிபி பணிக்கு ஜேஎஸ்சிஎச் என்ற நூலகம் வேண்டும். கட்டும்போது அந்த நூலகத்தின் ஜார் கோப்பு இல்லையென்றால் ஆன்ட் சண்டை போடாது. தேவையான வகுப்பு இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொண்டு, அதை நம்பியிருக்கும் மூலக் கோப்புகளை மட்டும் ஓசையில்லாமல் ஒதுக்கிவிட்டு மற்றதைத் தொகுக்கும். பந்தியில் ஒரு பதார்த்தம் குறைந்தால் கல்யாணமா நிற்கும்?

இந்த மௌனம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் பின்னால் எஸ்சிபியை ஓட்டும்போது வருகிற பிழைச்செய்தி இருக்கிறதே, அதை ரசிக்காமல் இருக்க முடிவதில்லை. சிக்கல், காரணம், செய்யவேண்டியது என்று வகுத்துப் பேசும். வகுப்பே கிடைக்காவிட்டால், இன்னின்ன கோப்புறைகளில் ஜார் இருக்கிறதா பாருங்கள் என்று இடம் காட்டும். பதற வேண்டாம், இது அடிக்கடி வருவதுதான் என்று ஆறுதல் வேறு. கையோடு, இது பிழையல்ல, அமைப்புக் கோளாறு என்று தன் பக்கத்தையும் காத்துக்கொள்ளும்! ஒரே புகாரைப் படித்துப் படித்துக் களைத்த யாரோ எழுதியிருக்க வேண்டும்.

எஸ்சிபி வகுப்பு கிடைத்து, அது சார்ந்திருக்கும் ஜேஎஸ்சிஎச் மட்டும் கிடைக்காதபோது செய்தி மாறுகிறது. ஆன்டின் விருப்ப ஜார் இருந்தால் போதாது, அது நம்பியிருக்கும் ஜாரும் வேண்டும் என்கிறது. ஜாவா மொழியில் முதலாவது ‘கிளாஸ்நாட்ஃபவுண்ட்எக்செப்ஷன்’, இரண்டாவது ‘நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர்’. பலர் இரண்டையும் ஒன்றாகப் பாவித்துக் கண்ட ஜாரையெல்லாம் இறக்கிக் குவிப்பார்கள். கைதேர்ந்தவர் பிரித்துப் படிப்பார். ஆன்டின் ஜார் சரியான இடத்தில் இருந்தும் முதலாவது வந்தால் கட்டிய விதத்தையே சந்தேகிக்க வேண்டும். தொகுக்கும்போது ஒதுக்கப்பட்ட வகுப்பு, பிறகு ஜேஎஸ்சிஎச்சைக் கொண்டுவந்து வைத்தாலும் முளைக்காது. மறுபடி கட்டத்தான் வேண்டும். இரண்டாவதென்றால் ஓடும் இடத்தில் ஜாரை வைத்தால் வேலை முடிந்தது. மூல நிரலின் லிப்/ஆப்ஷனல் கோப்புறையில் வைப்பது கட்டுவதற்கு மட்டும்தான், ஓட்டுவதற்குத் தனியாக வைக்கவேண்டும் என்று ஆன்டின் கையேடும் எச்சரிக்கிறது.

2003 டிசம்பரில் வந்த ஆன்டின் 1.6 பதிப்பு, ஒரே மூட்டையாக இருந்த விருப்ப (ஆப்ஷனல்) ஜாரைச் சார்புகளின்படி பல ஜார்களாகப் பிரித்தது. ஆன்ட்-ஜேஎஸ்சிஎச், ஆன்ட்-ஜேயூனிட் என்று பெயரே கதை சொல்லிவிடும். அப்போதும் பிடிபடவில்லையென்றால் ‘ஆன்ட் -டயக்னாஸ்டிக்ஸ்’ என்று கொடுத்துப் பார்க்கலாம். கிடைக்காத பணிகளை வரிசையாகச் சொல்லும்போது, ஒன்றுக்கு வகுப்பே இல்லை என்றும், இன்னொன்றுக்குச் சார்ந்த இன்ன வகுப்பைக் காணோம் என்றும் தனித்தனியே எழுதிக் காட்டும்.