ஒயரை மாற்றினேன், செட்டே மாறிவிட்டது

சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு ரூபாய் செலவில்லை. அதே டர்ன்டேபிள், அதே டேப் டெக், அதே ஆம்ப். ஈக்வலைசரைக் கோத்திருந்த இடத்தை மட்டும் மாற்றினேன். அன்னூர் வீட்டு முன்னறையில் ராத்திரி பாட்டுக் கேட்பது இப்போது அப்படியொரு சுகம்!

பல வீடுகளில் ஈக்வலைசர் பிரீ ஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கும். பழைய செட்டாக வாங்கிய எனக்கும் அப்படியே வந்தது. அந்த இடத்தில் வால்யூம் குமிழ் ஈக்வலைசருக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. வால்யூமைக் குறைத்தால் பாட்டு குறையும்; ஈக்வலைசர் தன் பங்குக்குப் போடும் 'உஸ்ஸ்' மட்டும் துளியும் குறையாமல் பவர் ஆம்புக்குள் போய்ப் பெருகி ஸ்பீக்கரில் கொட்டும். அதை ஆம்பின் டேப் மானிட்டர் வழிக்கு மாற்றினேன். இப்போது வால்யூம் குமிழ் அதற்குப் பின்னால். பாட்டு முழு பலத்தோடு ஈக்வலைசருக்குள் போகிறது. வால்யூமைக் குறைத்தால் இரைச்சலும் பாட்டோடு சேர்ந்தே அடங்குகிறது. பக்கத்து வீட்டுத் தம்பி எட்டிப் பார்த்து, "ஏனுங்ணா, செட்டு ஓடலீங்களா?" என்றான். தட்டு சுற்றிக்கொண்டுதான் இருந்தது, இரண்டு பாட்டுக்கு நடுவில்!

அந்த அமைதியில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' கேட்டுப் பாருங்கள். 1986-இல் வந்தது, வயலின் வி.எஸ். நரசிம்மன். வில் நரம்பில் படும்போது எழும் மெல்லிய உரசல்கூடக் காதில் விழுகிறது. எத்தனையோ முறை கேட்ட தட்டு, மெய்சிலிர்த்துவிட்டது.

தட்டு கேட்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாதாரண மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். அதனால் போனோ பிரீ ஆம்ப் வரிசையில் முதலில், குட்டை ஒயரோடு. தட்டு வெட்டும்போது பேஸைக் குறைத்து டிரபிளைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். 1954-இல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. அளவு அது. போனோ அதைத் திருப்பி நேராக்குகிறது, 20 ஹெர்ட்ஸ் பக்கம் 20 டெசிபல் வரை தூக்குகிறது. கரண்டின் 'கும்' ஒலி அங்கே புகுந்தால் அதையும் சேர்த்தே தூக்கிவிடும். டர்ன்டேபிளின் மெல்லிய எர்த் ஒயரை ஆம்பின் பின்பக்க ஸ்க்ரூவில் இறுக்கி, எல்லா பிளக்குகளையும் ஒரே போர்டில் செருகியதும் எங்கள் வீட்டில் அது சுத்தமாக நின்றது.

கேசட்டுக்கு வரிசை இன்னும் முக்கியம். காரணம், டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பி. அதைத் தந்த ரே டால்பி 1963 முதல் 1965 வரை ஐ.நா. ஆலோசகராக இந்தியாவில் இருந்தவர்; அது தெரிந்ததிலிருந்து டெக்கிலுள்ள டால்பி பொத்தான்மேல் எனக்குத் தனிப் பாசம். 1968-இல் வீட்டு டெக்குகளுக்கென்று வந்த டால்பி பி, பதியும்போது மெல்லிய டிரபிளைத் தூக்கி வைக்கிறது. கேட்கும்போது அதே அளவு இறக்குகிறது, டேப்பின் இரைச்சலும் கூடவே இறங்குகிறது. எவ்வளவு இறக்குவது என்பதை உள்ளே வரும் ஒலியின் அளவை வைத்தே முடிவுசெய்கிறது. அதற்கு முன்னால் ஈக்வலைசர் புகுந்து டிரபிளைக் கூட்டினால் கணக்கே தப்பிவிடும். டால்பி தனிப் பெட்டியாக இருந்தால் டெக்கை அடுத்து அதைத்தான் மாட்ட வேண்டும், ஈக்வலைசர் பிறகுதான். வழக்கமாக டெக்கை மாட்டும் மானிட்டர் வழியை ஈக்வலைசர் எடுத்துக்கொண்டால் டெக் எங்கே போகும்? என் ஈக்வலைசரின் பின்பக்கத்திலேயே டெக்குக்கென்று தனி ஜாக்குகள். செய்தவன் கை வாழ்க!

ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்துதர முடியும் என்று 1941-இல் ஜி.டி. நாயுடு சொன்ன கோவை மாவட்டம் எங்களுடையது. பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசை நம் மண்ணிலேயே இருக்கிறது.

வரிசை சரியான பிறகுதான் ஈக்வலைசர் குமிழ்களுக்கு வந்தேன். கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை என்பதால் எங்கள் அறையில் பேஸ் முழங்கும். 125 ஹெர்ட்ஸ் குமிழைக் கொஞ்சம் இறக்கினேன், வேறெதையும் தொடவில்லை. மானிட்டர் பொத்தானை அழுத்தினால் ஈக்வலைசர் உள்ளே, விட்டால் வெளியே. பாட்டு ஓடும்போதே ஒப்பிடலாம். தவில் அடியில் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. அந்தத் தம்பியைக் கண்ணை மூடச் சொல்லி மாற்றி மாற்றி அழுத்தினேன், ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னான்.